லூர்தெஸ் சொல்ல வந்த மீதிப் பாதி

வூஸ்டர்,
வெள்ளிக்கிழமை காலை

பேரன்புக்கும் பெருமரியாதைக்கும் உரிய மைத்துனர் ஜில்பெர்ட்டோ மெடைரோஸ் அவர்களுக்கு,

எம்மெட் லிண்ட்க்விஸ்ட் எழுதுவது. நியூ பெட்ஃபோர்டில் தாங்களும், தங்கள் படகும், ஆப்பரேஷன் செய்த முழங்காலும் நலம் என நம்புகிறேன். இங்கு நானும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் செவ்வாய்க்கிழமையிலிருந்து என் மனைவி, உங்கள் தங்கை லூர்தெஸ், உங்கள் வீட்டில் இருக்கிறாள், நான் போன் செய்தால் நீங்கள் எடுத்து "அவ தூங்குறா மச்சான்" என்கிறீர்கள், காலை பதினோரு மணிக்கு. நான் அவளைத் திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. அவள் பேசிக்கொண்டிருந்தபோது எழுந்துபோய், பெயிண்டில் ஒட்டிக்கொண்ட பின்கதவைப் பெயர்த்தேன். அது ஏன் என்று நீங்கள் கேட்கவே இல்லை, ஆகவே கேளுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் குளிர்பெட்டி உயரத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதற்கு ஒரே மூளை. அதன் முன்னால் பதினான்கு பேர் தட்டிக்கொண்டிருப்பார்கள், ஒவ்வொருவரும் மிஷின் தனக்கே சொந்தம் என்று நினைத்துக்கொண்டு. அந்த நினைப்பைக் காப்பாற்றுவது கெர்னல் என்ற நிரல். அதை எழுதியவர்களில் நானும் ஒருவன். நொடிக்கு அறுபது தடவை கடிகாரம் தட்டும். தட்டியதும் கெர்னல் உள்ளே வந்து, ஓடிக்கொண்டிருக்கும் வேலையின் பங்கு நேரம் தீர்ந்திருந்தால் அதை அப்படியே நிறுத்தும். எந்த வரியில் நின்றது, கையில் என்னென்ன எண்கள் இருந்தன என்று ஒன்று விடாமல் குறித்து வைக்கும். அடுத்த வேலையின் குறிப்பை எடுத்து, அதன் எண்களை அதன் கையில் கொடுத்து, "ம், விட்ட இடத்திலிருந்து ஓடு" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளும். நிறுத்தப்பட்ட வேலைக்கு நிறுத்தப்பட்டதே தெரியாது. நான் வாழ்க்கையில் செய்த ஒரே அழகான காரியம் அதுதான் மச்சான், இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

அதிலும் ஒரு ஓட்டை விட்டிருந்தேன். மிஷினுக்குள் தசம எண்கள் இருக்கும் அறைகளைக் குறித்து வைக்க மறந்துவிட்டேன். ஆகவே ஒருவர் கணக்கின் எண் இன்னொருவர் கணக்கில் போய் உட்கார்ந்தது. ஒரு வியாழக்கிழமை, மீன்களைக் கணக்கெடுக்கும் ஒரு பெண் காகிதச் சுருளோடு என் அறைக்குள் புயலாக வந்தாள். உங்கள் தங்கைதான்.

"இந்த மிஷினுக்கு யாருய்யா பொறுப்பு?"

"நான்தாங்க."

"எங்க அண்ணன் பிடிச்ச காட் மீனு, சூரியனோட எடையில பாதியாம். எந்தப் படகுல ஏத்துறது? நீ வந்து தூக்குவியா?"

பக்கத்து மேசையில் மிஷினைத் தட்டியபடி ஒரு வானியல்காரர் உட்கார்ந்திருந்தார். அவருடைய நட்சத்திரம் ஒன்று அன்று நாலு கிலோ இருந்தது. ஓட்டையை நான் மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டேன். அவளிடம் சொன்னது ஆறாவது வாரம். அதுவரை வியாழன்தோறும் அவள் வந்து திட்டினாள். நான் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு காத்திருந்தேன். அந்த ஆறு வாரங்களைப் போல இனி வரவா போகிறது!

இப்போது எனக்கு எழுபத்தாறு. ஆறு மாதமாக, சமையலறைக்குப் போய் எதற்கு வந்தேன் என்று நிற்கிறேன். டாக்டர் வயசு என்கிறார். எனக்குப் பயமாக இருந்தது, அவளிடம் சொல்லவில்லை. மிஷினுக்குச் சொல்லிக் கொடுத்ததை நானே செய்தால் என்ன என்று, முட்டை வேகவைக்கும் மணியைப் பன்னிரண்டு நிமிடத்துக்கு வைத்து, வேலைக்கு ஓர் அட்டை வீதம் எழுதிக்கொண்டேன். மணி அடித்தால் நிறுத்தணும், அட்டையில குறிக்கணும், அடுத்ததுக்குப் போகணும். திங்கட்கிழமை பாதிக் கன்னம் மழித்தபடி தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். பக்கத்து வீட்டுக்காரி பேயைக் கண்டதுபோல் உள்ளே ஓடினாள். பல் டாக்டர் ஆபீசோடு பேசிக்கொண்டிருந்த போனைப் பாதியில் வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டு "இடது பக்கம், மேல்வரிசை" என்று விட்ட இடத்தில் தொடங்கினேன். எடுத்தது வேறு ஒரு பெண், போலீசைக் கூப்பிடுவதாகச் சொன்னாள். சிப்பி சூப்பை அணைத்து அணைத்து ஏற்றியதில் மதியச் சாப்பாடு ராத்திரிக்கு வந்தது. பின்கதவில் பாதிக்குப் பெயிண்ட் அடித்து, ஈரத்தோடு சாத்தி, அது சட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் ஒன்று சொல்வேன், எதையும் மறக்கவில்லை!

செவ்வாய் காலை லூர்தெஸ் சமையலறையில் உட்கார்ந்து, "ஏங்க, உங்களுக்கு ஞாபகம் இருக்கா, அந்த அறையில நாம..." என்று தொடங்கினாள். குரல் உடைந்தது. மணி அடித்தது. நான் முறைப்படி அட்டையில் குறித்துவிட்டுக் கதவைப் பெயர்க்கப் போனேன். திரும்பி வந்தபோது அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு, அட்டையை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். அதில் இருந்தது இவ்வளவுதான்: "லூர்தெஸ் அழுகிறாள். காரணம் தெரியவில்லை. கதவுக்கும் தக்காளிக்கும் அப்புறம் இங்கிருந்து தொடரவும்."

"நிறுத்தினா மிஷினுக்குத் தெரியாதுங்க. எனக்குத் தெரியும்," என்றாள். அவ்வளவுதான், காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆகவே தங்களைப் பணிந்து கேட்பது: ஒன்று, அவளைத் திருப்பி அனுப்புங்கள். அது முடியாவிட்டால், அவள் சொல்ல வந்த மீதிப் பாதி என்ன என்றாவது மெல்லக் கேட்டு எழுதுங்கள். மூன்று நாளாக அந்தப் பாதியை வைத்துக்கொண்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் இல்லாத வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை மச்சான். மணியைக் குப்பையில் போட்டுவிட்டேன் என்றும் சொல்லுங்கள்.

காற்று தங்கள் படகுக்குச் சாதகமாகவும், படிக்கட்டு தங்கள் முழங்காலுக்கு இரக்கமாகவும் இருக்க வேண்டி,

தங்கள் அன்பு மைத்துனன்,
எம்மெட்

பி.கு.: மேலே கேட்ட எதையும் செய்ய வேண்டாம். உறை தேடி அவளுடைய இழுப்பறையைத் திறந்தேன். ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு கடிதம். பழைய கட்டடத்தைத் திங்களன்று இடிக்கிறார்களாம். என் அறை, அவள் வியாழன்தோறும் வந்து திட்டிய அந்த அறை, இருந்த கட்டடம்தான். பழைய ஆட்கள் கடைசியாக ஒரு தடவை உள்ளே வந்து பார்க்கலாம், இன்று பத்து மணிக்கு. அடியில் ஒரு பதில் படிவம். எத்தனை பேர் வருகிறீர்கள் என்ற இடத்தில் 'இரண்டு' என்று அவள் கையெழுத்து. அதை அடிக்கவில்லை, கிழிக்கவில்லை. அவள் இந்நேரம் உங்கள் வீட்டிலிருந்து கிளம்பியிருப்பாள், எனக்குத் தெரியும். மணி எட்டே முக்கால். டாக்ஸி வாசலில் நிற்கிறது. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடக்கூட வழியில் நிற்கப் போவதில்லை.