சேற்றுமூக்கன் தேர்வான வரலாறு

ஒரு தலைவன் எப்பேர்ப்பட்டவன் என்று அறிய அவன் மேடைப் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை. பயிற்சிக்கு யாரைத் தேர்ந்தெடுக்கிறான் என்று பார்த்தால் போதும். நிர்வாகவியல் என்னும் மாபெரும் துறை இதுவரை கண்டுபிடித்த ஒரே உண்மை இதுதான். இந்த உரைகல்லில் உரசிப் பார்த்தால், லிஃப்ட் ஆய்வு அலுவலகத்தின் தலைமை ஆய்வாளர் பத்தரை மாற்றுத் தங்கம். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரைத் தம் சொந்தப் பொறுப்பில் வைத்து வளர்த்துவந்தார். ஒவ்வொருவரின் பெயர், பலம், பலவீனம், கோபம் வந்தால் என்ன செய்வார் என்பது வரை அவருக்கு அத்துப்படி. அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் அவருடைய கைபேசிக்குள் குடியிருந்தார்கள் என்பது ஒரு சின்ன விவரம்.

'பூதவேட்டை' என்பது அந்த விளையாட்டின் பெயர். தெருவிலும் கடையிலும் மாடிப்படியிலும் கண்ணுக்குத் தெரியாமல் திரியும் பூதங்களைக் கைபேசியைக் காட்டிப் பிடிக்க வேண்டும். பிடித்தால் மட்டும் போதாது, பயிற்சி கொடுத்து ஆளாக்க வேண்டும். பயிற்சிக்குப் 'பயிற்சிக்கல்' வேண்டும். தலைமை ஆய்வாளரின் கையிருப்பில் இருந்த கற்கள் ஒரே ஒரு பூதத்துக்குத்தான் காணும். மண்டலப் போட்டியோ வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. அந்த ஓர் இடத்துக்கு யார்? பாவம், மனிதர் இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

அதே வெள்ளிக்கிழமை இன்னொரு 'சில்லறை' வேலைக்கும் கடைசி நாளாக இருந்தது. தலைமையகம் நடத்தும் ஆறு மாத ஆய்வுப் பயிற்சிக்கு ஊழியர்களைப் பரிந்துரைத்து அனுப்ப வேண்டும். அதிலும் ஓர் இடம்தான்.

அந்த இடத்துக்காகப் பதினொரு வருடமாகக் காத்திருந்தாள் பதிவேட்டு எழுத்தர். எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் நின்றது, யார் உள்ளே மாட்டிக்கொண்டார், எவ்வளவு நேரம் கத்தினார் என்று புகார்ப் பதிவேட்டில் எழுதுவது அவள் வேலை. எழுதி எழுதி, லிஃப்ட் சமாசாரம் முழுக்க அவளுக்குள் இறங்கிவிட்டது. உறவினர் வீட்டுக்குப் போனாலும் லிஃப்ட் சுவரில் காதை வைத்துக் கேட்பாள். "அம்மா, ஒரு நாளாவது மத்தவங்க மாதிரி பட்டனை அமுக்கிட்டு சும்மா நில்லேன்" என்று மகள் தலையில் அடித்துக்கொள்வாள். பயிற்சி முடித்தால் அவள் ஆய்வாளர் ஆகலாம். பதிவேட்டை விட்டு எழுந்து லிஃப்டுகளிடமே போகலாம். இதுவரை மூன்று முறை விண்ணப்பித்தாள். மூன்று முறையும் 'மேலதிகாரியின் மதிப்பீடு போதாது' என்று திரும்பி வந்தது. பயிற்சிக்கு வயது வரம்பு நாற்பத்தைந்து. அடுத்த மாதம் அவளுக்கு நாற்பத்தைந்து முடிகிறது.

அவளுடைய நான்காவது விண்ணப்பம் எங்கே இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும். தலைமை ஆய்வாளரின் மேசைமேல், அவருடைய கைபேசிக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றது. கோப்பின் தடிமன் அதற்கு அளவெடுத்ததுபோல் அமைந்திருந்தது.

தலைமை ஆய்வாளர் யாரையும் பெயர் சொல்லி அழைத்து நேரத்தை வீணாக்குபவர் அல்ல. கோப்பறைக்காரர் 'கோப்பு', ஜீப் ஓட்டுநர் 'வண்டி', அவள் 'பதிவேடு'. இதற்கு 'நிர்வாகச் சிக்கனம்' என்று பெயர்.

புதன்கிழமை காலை பதினொன்றுக்குத் தேர்வுக் குழு கூடியது. அறைக் கதவில் 'ஆய்வு நடைபெறுகிறது' என்ற அட்டை தொங்கியது. வெளியே பெஞ்சில் ஒரு குடியிருப்பின் செயலாளர், எட்டு மாடி நடந்து இறங்கிய முழங்கால்களைத் தடவியபடி உட்கார்ந்திருந்தார். உள்ளே தலைமை ஆய்வாளர், கோப்பு, வண்டி, குறிப்பெடுக்கப் பதிவேடு.

"வண்டி, நீங்க ஆரம்பிங்க" என்றார் தலைமை ஆய்வாளர்.

"சார், கண்ணை மூடிக்கிட்டு கொடுக்கனை எடுங்க. ஒரு கொட்டு கொட்டினான்னா எதிராளி காலி."

"திறமை இருக்கு, இல்லைங்கலை. ஆனா அடக்கம் இல்லையே! நேத்து ஆசையா தீனி நீட்டுறேன், மூஞ்சியைத் திருப்பிக்கிறான். இவனுக்குப் பயிற்சியும் குடுத்துட்டா நம்மளையே மதிக்க மாட்டான்."

"அப்ப பூஞ்சிறகி?" என்றார் கோப்பு. "பாக்க லட்சணமா இருக்கு சார்."

"லட்சணம் பாத்து ஆள் எடுக்கிற ஆபீஸா இது? ஒவ்வொருத்தருக்கும் என்ன தகுதி, எவ்வளவு நாளா காத்துக்கிட்டு இருக்காங்க, என்ன மனக்குறை, எல்லாத்தையும் சீர்தூக்கிப் பாக்கணும். இது ஒரு உயிரோட எதிர்காலம் கோப்பு, எதிர்காலம்!"

கோப்பு தலைகுனிந்தார்.

"பதிவேடு, நீங்க என்ன நினைக்கிறீங்க?"

பதினொரு வருடத்தில் அவளிடம் கேட்கப்பட்ட முதல் கருத்து அது. அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "சார், ரொம்ப நாளா ஒரே இடத்துல உக்காந்திருக்கிறவங்களுக்கு முதல்ல குடுத்தா நல்லா இருக்கும்."

தலைமை ஆய்வாளர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. "கேட்டீங்களாய்யா! இதுதான் மனிதாபிமானம். எனக்கு ஏன் தோணலை? பாவம், எட்டு மாசமா முதல் நிலையிலேயே ஒரு மூலையில கிடக்கான்."

"யாரு சார்?" என்றாள், நப்பாசையுடன்.

"சேற்றுமூக்கன்!"

சேற்றுமூக்கன் சாமானியப் பூதமல்ல, அலுவலகத்துப் பூதம். எட்டு மாதத்துக்கு முன் அந்தக் கட்டடத்தின் லிஃப்டிலேயே பிடிபட்டது. ஆய்வு அலுவலகம் இருக்கும் கட்டடம் என்பதால் அந்த லிஃப்ட் யாருக்கும் பயப்படாது. நினைத்த இடத்தில் நிற்கும். அன்று தலைமை ஆய்வாளரை வைத்துக்கொண்டு மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நின்றது. மெக்கானிக் முக்கால் மணி நேரம் மேலே மோட்டாரோடு மல்லுக்கட்டினார். அவள்தான் மாடி மாடியாகக் கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "மூணாவது மாடிக் கதவுப் பூட்டு சரியா கவ்வலை அண்ணே, அதைப் பாருங்க" என்றாள். இரண்டே நிமிடம், லிஃப்ட் இறங்கியது. வெளியே வந்த தலைமை ஆய்வாளர், "ஏன் இப்படி அவசரப்படுறீங்க? இப்பதான் ஒருத்தனைப் பிடிச்சேன்" என்று கடிந்துகொண்டார்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஆனால் எதையும் முறைப்படி செய்பவர் அல்லவா? "ஏனோதானோன்னு செஞ்சா நாளைக்கு மனசு உறுத்தும். மதிப்பீடு எழுத்துல இருக்கணும். பதிவேடு, அந்தப் படிவம் ஏழுல அடிங்க" என்றார். ஊழியர்களைப் பயிற்சிக்குப் பரிந்துரைக்கும் படிவம்தான் ஏழு. அறையில் மேலும் கீழும் நடந்தபடி அவர் சொல்லச் சொல்ல, அவள் தட்டினாள்:

'இவர் மெதுவானவர், ஆனால் நிலைகுலையாதவர். நெடுநாள் முதல் நிலையிலேயே இருத்தப்பட்டும் ஒரு முறைகூட முகம் சுளித்ததில்லை. பிறருக்குக் கேட்காத ஓசையும் இவர் காதில் விழும். குறை இவரிடம் இல்லை. இவரை மூலையில் போட்டுவைத்தவர்களிடம் இருக்கிறது. இப்போது வாய்ப்பளிக்காவிட்டால் இனி எப்போதும் இல்லை.'

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது. தட்டியவளுக்கும் கண்ணில் நீர் வந்தது, வேறு காரணத்துக்காக.

வெள்ளிக்கிழமை மாலை நாலேமுக்கால். போட்டிக்குக் கால் மணி நேரம் இருந்தது. கைபேசியைக் கையில் எடுத்ததும் முட்டுக்கொடுத்த விண்ணப்பக் கோப்பு சரிந்து விழுந்ததால், 'சில்லறை' வேலை ஞாபகத்துக்கு வந்தது. அலுவலகத்திலிருந்து மூன்று விண்ணப்பங்கள். கோப்புக்கும் வண்டிக்கும் பயிற்சியில் ஆர்வம் இல்லை. எல்லோரும் போட வேண்டும் என்று சொன்னதால் போட்டிருந்தார்கள். 'மேலதிகாரியின் மதிப்பீடு' என்ற கட்டத்தில் தலைமை ஆய்வாளர் முதல் படிவத்தில் 'நன்று' என்று எழுதினார். இரண்டாவதிலும் 'நன்று'. மூன்றாவது அவளுடையது. 'நன்' வரை வந்ததும் பேனாவில் மை தீர்ந்தது. வேறு பேனா எடுத்தவர் நேரே கையெழுத்துக்குப் போய்விட்டார். அப்படியே பக்கத்தில் கிடந்த இன்னொரு படிவம் ஏழிலும் ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை. "அனுப்பிடுங்க" என்று காகிதத் தட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டுப் போர்க்களத்துக்குப் போனார்.

அவள் எண்ணினாள். மூன்று இருக்க வேண்டியது நான்கு இருந்தது. நான்காவது சேற்றுமூக்கனுடையது.

எடுத்துத் தனியே வைத்திருப்பாள். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கடிதத்தில் தேதிப் பிழையைத் திருத்தியதற்காக, "நான் கையெழுத்து போட்ட காகிதத்தைத் தொட இங்க யாருக்கும் உரிமை கிடையாது!" என்று கட்டடமே அதிரக் கத்தியவர் அவர். அந்த விதியை மனதில் ஓட்டிப் பார்த்தாள். தன்னுடைய 'நன்'னையும் ஒரு முறை பார்த்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இந்த மனிதருக்கு எழுதத் தெரியாது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாளே! நான்கையும் ஒன்றாகக் கட்டி அனுப்பினாள்.

பத்தாம் நாள் தலைமையகத்திலிருந்து பதில் வந்தது. தலைமை ஆய்வாளர் உரக்கப் படித்தார்.

"'தங்கள் அலுவலகம் பரிந்துரைத்த நால்வரில், மூவரைப் பற்றித் தாங்கள் ஒரு சொல்லுக்கு மேல் எழுதவில்லை. அவர்களிலும் ஒருவரைப் பற்றி அரைச் சொல்தான் உள்ளது. முழு மனதுடன் மதிப்பிடப்பட்டவர் ஒருவரே. எனவே திரு. சேற்றுமூக்கன் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்.'" அவர் மேசையைக் குத்தினார். "நான் சொல்லலை? திறமையை எத்தனை நாளுக்கு மூடி வைக்க முடியும்!"

"அடுத்த வரியையும் படிங்க சார்" என்றாள் அவள்.

"'திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு இரண்டு புகைப்படங்களுடன் நேரில் வர வேண்டும்.'" அவர் முகம் மெல்ல வெளுத்தது. "புகைப்படம் இருக்கு. நிறையவே இருக்கு. ஆனா நேர்ல..."

"உடம்பு சரியில்லைன்னு லீவு சொல்லிடலாமா சார்?" என்றார் கோப்பு.

"வேலையை விட்டுப் போயிட்டாருன்னு சொல்லிடுங்க" என்றார் வண்டி.

"யோவ், விசாரணைன்னு வந்தா என் வேலை போயிடும்யா!"

அவள் தொண்டையைச் செருமினாள். "சார், பேரு மட்டும் தப்பா விழுந்துடுச்சுன்னு ஒரு திருத்தக் கடிதம் அனுப்பினா போதும். மதிப்பீடு அப்படியே இருக்கட்டும்."

"அந்த மதிப்பீடு வேற யாருக்கும்மா பொருந்தும்?"

அலுவலகப் பிரதியை எடுத்து நிதானமாக வாசித்தாள். மெதுவானவர், நிலைகுலையாதவர், நெடுநாள் முதல் நிலையில், பிறருக்குக் கேட்காத ஓசை. இரண்டாம் வாக்கியத்திலேயே கோப்பும் வண்டியும் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டார்கள்.

"அந்த லிஃப்ட் சத்தம் அன்னிக்கு அக்கா காதுலதானே சார் விழுந்துச்சு" என்றார் கோப்பு. "எங்க விண்ணப்பத்தை நாங்க வாபஸ் வாங்கிக்கிறோம்."

தலைமை ஆய்வாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். நான்கடி தூரத்தில் பதினொரு வருடமாக இருந்தவளை அன்றுதான் பார்த்தார் என்றும் சொல்லலாம். "அட! அச்சு அசலா பொருந்துதே. சரி, நானே என் கையால எழுதறேன்."

உற்சாகமாகக் காகிதத்தை இழுத்து எழுத ஆரம்பித்தார். 'சேற்றுமூக்கன் என்பதை' வரை பேனா பறந்தது. அங்கே நின்றது.

நின்றது நின்றதுதான். அவர் கூரையைப் பார்த்தார், பேனாவை உதறினார். மை நிறையவே இருந்தது.

"பதிவேடு... உங்க பேரை எப்படி எழுதுவீங்க?"

"எழுதுறது அப்புறம் சார். என்ன பேருன்னு சொல்லுங்க."

அவர் மேசைமேல் அவளுடைய கோப்பைத் தேடினார். இதற்காக அவரைக் குறை சொல்பவர்கள் நிர்வாகம் அறியாதவர்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்களைச் சுமக்கும் தலையில் இன்னொன்றுக்கு இடம் எங்கே இருக்கும்?

"விடுங்க சார். நானே அடிச்சுக் கொண்டு வர்றேன்" என்றாள் அவள்.

ஐந்து நிமிடத்தில் கொண்டுவந்து வைத்தாள். அவர் அப்போது கொடுக்கனைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். ஒரு கையால் தீனி கொடுத்தபடியே மறுகையால் கையெழுத்துப் போட்டார்.

"படிச்சுப் பாக்கலையா சார்?"

"நீங்க அடிச்சா சரியாத்தான் இருக்கும், பதிவேடு."

அவருடைய கையெழுத்து விழுந்த காகிதத்தைத் தொட யாருக்கும் உரிமை கிடையாதே! அப்படியே உறையிலிட்டு அனுப்பினாள். கடிதம் இதுதான்:

'எமது பரிந்துரையில் சேற்றுமூக்கன் என்று குறிப்பிட்டது பிழை. இந்த அலுவலகத்தில் எனக்குப் பெயர் தெரிந்த ஒரே பணியாளர் அவர் என்பதால் இப்பிழை நேர்ந்தது. பயிற்சிக்கு வருபவரின் சரியான பெயர் கீழே உள்ளது. பதினொரு வருடம் எதிரே உட்கார்ந்திருந்தவரின் பெயரை நானும் இன்றுதான் தெரிந்துகொண்டேன். மேலே கண்ட அனைத்தையும் முழுவதும் படித்துப் பார்த்து, உண்மை என்று உணர்ந்தே கையொப்பமிடுகிறேன்.'