குகை ஆச்சியும் நல்லி எலும்பும்

ஒரு துண்டு ஆட்டிறைச்சியைக்கூட நாக்கில் வைக்காமல், உலகத்தில் இறைச்சியைப் பற்றி அதிகம் தெரிந்துவைத்திருந்த ஒரே மனுஷி எங்கள் குகை ஆச்சிதான். சந்தேகம் உள்ளவர்கள் அறுபதுகளில் காரைக்குடியில் எங்கள் கல்லூரிப் பெண்கள் விடுதிக்கு வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டிருக்க வேண்டும்.

ஆச்சி என்றதும் வயதான அம்மாளை நினைத்துவிடாதீர்கள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. செட்டியார் வீட்டுப் பெண் என்பதால் ஆச்சி. குகை மனிதர்களைத் தவிர வேறு யாரைப் பற்றியும் பேசாததால் குகை. கீழச்சிவல்பட்டியில் அவர்களுடையது சிவதீட்சை பெற்ற வீடு. அந்தத் தெருவில் முட்டை விற்பவன் கூவுவதற்கே யோசிப்பான். அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பினாங்கிலிருந்த அம்மான், ஆதிகால ஐரோப்பிய மனிதர்களைப் பற்றிய தடித்த ஆங்கிலப் படப்புத்தகம் ஒன்றை அனுப்பிவைத்தார். மற்ற பெண்களின் மாமன்மார் நைலக்ஸ் சேலை அனுப்பிய காலம் அது.

மெஸ்ஸில் சைவத்துக்கு ஒரு வரிசை, எதிரே அசைவம். ஆச்சி வெண்டைக்காய்ப் புளிக்குழம்பைப் பிசைந்தபடி எங்கள் தட்டுகளையே பார்ப்பாள். பிறகு ஆரம்பிப்பாள்.

"நீங்க நோகாமப் பிச்சுத் தின்னுறீக. அவுக இதுக்கு என்ன பாடு பட்டாக தெரியுமா? சுத்திலும் பனி. மரக்கம்பைச் சீவி ஈட்டியாக்கிட்டு யானை முன்னால போய் நின்னாக. ஜெர்மனியில ஒரு யானையோட விலா எலும்புக்கு நடுவுல அந்த ஈட்டி கெடந்துச்சாம்."

"ஆச்சி, சோறு எறங்க மாட்டேங்குது" என்பாள் பக்கத்தில் இருக்கும் தேவகோட்டைக்காரி.

"அவுகளுக்கு மட்டும் சும்மா எறங்குச்சா? கழுதைப்புலி வந்து உறுமும். அதை வெரட்டிட்டுத்தான் திங்கணும். நமக்கு மேட்ரன் மட்டுந்தானே உறுமுறாக."

சாப்பாடு முடிந்ததும் ஓலைக்கொட்டானை நீட்டிக்கொண்டு வருவாள். எலும்புகளை அதில் போட வேண்டும். கையால் தொட மாட்டாள். சமையலறை இடுக்கி ஒன்று அதற்கென்றே காணாமல் போயிருந்தது. கழுவிக் காயவைத்துப் பூதக்கண்ணாடியில் பார்ப்பாள். எலும்பில் கத்திக்கோட்டின் மேல் பல் தடம் விழுந்திருந்தால் மனிதன் முதலில் தின்றான், மிருகம் மிச்சத்தைத் தின்றது. பல் தடத்தின் மேல் கத்திக்கோடு இருந்தால் மிருகத்தின் எச்சிலை மனிதன் பொறுக்கினான் என்பது அவள் வாதம். அதைக் கேட்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறியும். எத்தனையோ ஆயிரம் வருஷத்துப் பசியை ஒருத்தி ஒரு கீறலில் படிக்கிறாளே.

நான் கல் உடைப்பவரின் மகள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துப் படி ஏறிய முதல் ஆள். விடுதியில் எனக்கு இலவச இடம். அது யாருக்கும் நினைவுக்கு வந்துவிடாதபடி நிமிர்ந்தே நடப்பேன். ஆனால் நல்லி எலும்பு தட்டில் விழுந்தால் கை சும்மா இருக்காது. எல்லோரும் போனபிறகு கிணற்றடிக்குப் போய், உருண்டைக் கல்லால் ஒரே தட்டு. கல்லை எங்கே தட்டினால் பிளக்கும் என்று அப்பாவிடம் பார்த்திருந்தேன். எலும்பு நீளவாக்கில் இரண்டாகும். மஜ்ஜையை வழித்துத் தின்றுவிட்டுத் திரும்பினால் ஒருநாள் பின்னால் ஆச்சி. அவமானத்தில் எலும்பை முந்தானைக்குள் மறைத்தேன்.

"ஒளிக்காத. இன்னொரு எலும்பு இருக்கா?"

"எதுக்கு?"

"நீ தட்டுனியே, அதைத்தான் அவுகளும் செஞ்சாக. புத்தகத்துல படமாத்தான் பாத்தேன். இன்னொரு வாட்டி தட்டு, கும்பிட்டுக்கிறேன்."

உண்மையிலேயே கைகூப்பி நின்றாள்.

விடுதி நாள் வந்தது. நிர்வாகத்தார் சாப்பாட்டுக்கென்று ஒரு முழு ஆட்டுத்தொடை விடியற்காலையில் வந்து, மளிகை வைக்கும் உக்கிராண அறையில் தொங்கியது. அந்த வாரம் மெஸ் பொறுப்பு என்னுடையது. சாவி என் இடுப்பில். சமையலுக்கு எடுக்கத் திறந்தால் கொக்கி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. தொடை எலும்பு என் அறை ஜன்னலுக்குக் கீழே கிடந்தது.

"சாவி ஒன்கிட்ட. எலும்பு ஒன் சன்னலுக்குக் கீழ. நான் வேற என்ன கேக்கணும்?" என்றார் மேட்ரன். "காஞ்ச வயிறு, ஆசப்பட்டிருச்சு. பெட்டியக் கட்டு புள்ள. ஒங்கப்பனுக்குச் சொல்லி விடுறேன்."

அந்த இடம் போனால் படிப்பு போனது. அப்பாவுக்குப் பக்கத்தில் சம்மட்டி பிடிக்க வேண்டியதுதான். கெஞ்சியிருக்கலாம், எனக்குக் கெஞ்ச வராது. நான் எடுக்கவில்லை என்று ஒரு தடவை சொன்னேன். மறுபடி சொல்லவில்லை.

ஆச்சி நெற்றி நிறையத் திருநீற்றோடு வந்தாள். இடுக்கியைத் தேடவில்லை. குனிந்து அந்த எலும்பை வெறுங்கையால் எடுத்தாள்.

"மேட்ரன் அம்மா, இங்குட்டு வெளிச்சத்துக்கு வாங்க. கத்திக்கோடு ஒண்ணாச்சும் இருக்கா? பூராம் பல்லு. நெருப்புப் பட்ட நிறமும் இல்ல."

"அவ பல்லாத்தான் இருக்கட்டுமே."

"இம்புட்டுப் பெரிய கோரைப்பல் இவளுக்கு இருந்தா, நீங்க பக்கத்துல நின்னு வைவீகளா? அதை விடுங்க. நல்லி உள்ள அப்படியே இருக்கு. பனியில கெடந்த காலத்துலருந்து மனுஷப்பிறவி எதுவும் நல்லிய விட்டதில்ல. இவ விடுவாளா?"

அசைவ வரிசை மொத்தமும் தலையாட்டியது. ஆச்சி தன் அறைக்கு ஓடி, கட்டிலடியிலிருந்து பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தாள். அதில் சீப்புச்சீடை இருப்பதாக மேட்ரன் நம்பியிருந்தார். கவிழ்த்தாள். அத்தனையும் எலும்பு. "இதெல்லாம் இவ தின்னது" என்று ஒரு குவியலைப் பிரித்து வைத்தாள். ஒன்று தவறாமல் எல்லாம் நீளவாக்கில் பிளந்திருந்தன.

அதற்குள் வாட்ச்மேன் பின்பக்கம் போய், உக்கிராண ஜன்னலின் வலை கிழிந்திருப்பதையும் அதில் பழுப்பு முடி ஒட்டியிருப்பதையும் கண்டுவந்தார். தயிர்ச்சோறு தவிர வேறெதையும் முகர்ந்தும் பார்க்காது என்று மேட்ரன் பெருமைப்படும் அவருடைய பழுப்பு நாய் டாமி, வேப்பமரத்தடியில் வயிறு புடைத்துக் கிடந்தது. எஜமானி கூப்பிட்டும் வாலைக்கூட ஆட்டவில்லை.

என் பெட்டி பிரிந்தது. ஆச்சியின் பெட்டி கட்டப்பட்டது. "தீட்சை வாங்குன வீட்டுப் புள்ள கட்டிலுக்கடியில எலும்பா?" என்று மேட்ரன் வீட்டுக்குத் தகவல் அனுப்பிவிட்டார். டப்பாவைத் திறந்தால் இதுதான் நடக்கும் என்று ஆச்சிக்குத் தெரியாமல் இல்லை. அவள் அப்பச்சி என்று கூப்பிடும் அப்பா காரோடு வந்து வாசலில் நின்றபோது, அவளே எல்லா எலும்புகளையும் குப்பைக்குழியில் கொட்டினாள்.

"ஏன் ஆச்சி டப்பாவைத் தொறந்தீக?" என்றேன்.

"சாட்சி கையில இருக்கு. எப்படி மறைக்கிறது?" என்றாள், அது ஒரு கேள்வியா என்பதுபோல.

அவள் படிப்பு அதோடு நின்றது. கொஞ்ச நாளில் கல்யாணப் பத்திரிகை வந்தது. கீழச்சிவல்பட்டி வீட்டுக்குப் போனேன். வளவு முற்றம் முழுக்கச் சீர்ச் சாமான் பரப்பியிருந்தது. வெள்ளி, பித்தளை, எவர்சில்வர். கால் வைக்க இடமில்லை. பட்டும் வைரத்தோடுமாக நின்றவள் என்னை இழுத்துப் போய், ஒரு சின்ன வெள்ளிச் செப்பைத் திறந்து காட்டினாள். உள்ளே பட்டுத்துணியில், நீளவாக்கில் பிளந்த ஒரு நல்லி எலும்பு.

"கிணத்தடியில நீ தட்டிக் காட்டினியே, அது" என்றாள். "இது மட்டும் குழியில விழல."

முட்டை விற்பவன் கூவத் தயங்கும் அந்தத் தெருவிலிருந்து அன்று புறப்பட்ட சீரில், நான் செய்துகொடுத்த பொருளும் ஒன்று போனது.