சிவந்த கண்கள் குறித்து நலக்குழு எடுத்த நடவடிக்கை

ஊழியர் நலக்குழு என்ற ஒன்று தோன்றாத காலத்தில் மனிதர்கள் எப்படித்தான் நலமாக இருந்தார்களோ, நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது. தலை வலித்தால் மாத்திரை போட்டுக்கொண்டு, அழுகை வந்தால் அழுது முடித்து, ஒரு தீர்மானம்கூட நிறைவேற்றாமல் மறுநாள் வேலைக்கு வந்த அந்த அப்பாவிகளை என்னவென்று சொல்வது! கட்டட வரைபட நிறுவனம் ஒன்றில் அந்த இருள் நீங்கி, நலக்குழு உதித்து, ஒரு பெண்மணியைக் கவனித்துக்கொண்ட வரலாறு இது.

அந்தப் பெண்மணி அங்கே வரைவாளர். வருடக்கணக்காகக் குனிந்து உட்கார்ந்து ஊரார் வீட்டுக்கெல்லாம் படுக்கையறையும் குளியலறையும் வரைந்து கொடுத்ததில், அவளுடைய முதுகின் அடிப்பகுதியில் ஒரு வலி குடிவந்தது. காலி செய்யமாட்டேன் என்று அடம்பிடித்தது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஆபரேஷன் வேண்டாம்னா நீந்துங்க. தினமும் நீந்தணும். விட்டீங்கன்னா படுத்துடுவீங்க" என்றார்.

நாற்பது தாண்டிய பிறகு அவள் நீச்சல் கற்றுக்கொண்டாள். பொதுக் குளத்தில் பெண்களுக்கு என்று ஒதுக்கிய நேரம் காலை ஆறரையிலிருந்து ஏழரை வரை. மற்ற நேரமெல்லாம் ஆண்களுக்கும் போட்டிக்குப் பயிற்சி எடுக்கும் பிள்ளைகளுக்கும். உடை மாற்றும் அறையின் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி கதவில் முதுகைக் கொடுத்து நிற்க, இன்னொருத்தி மாற்றிக்கொள்ள வேண்டும். அப்படி நின்றவராகத்தான் அவளுக்குக் காசாளர் அக்கா நெருக்கமானார். அதே நிறுவனத்தில் பணம் வாங்கிப் போடுகிறவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், குளத்தில் ஊறிப் பழுத்தவர்.

"இறங்கறதுக்கு முன்னாடியே தலையை நல்ல தண்ணில நனைச்சுக்க. முடி வயிறு நிறைய குடிச்சிடுச்சுன்னா மருந்துத் தண்ணியைக் குடிக்காது. இல்லன்னா ரெண்டு மாசத்துல துடைப்பம்தான்" என்பார் அக்கா. "ஈர உடையோட உக்காந்து கதை பேசாத, அரிப்பு வரும். காதுல தண்ணி போனா குச்சி விட்டுக் குடையாத. தலையைச் சாய்ச்சு ஒத்தக்கால்ல குதி."

"அந்த நாள்ல என்னக்கா பண்றது?"

"வரணும்னா வழி இருக்கு, சொல்லித் தரேன். வேண்டாம்னா வீட்ல தூங்கு. யாருக்கும் பதில் சொல்லிட்டு இருக்காத."

அவள் அந்த நாட்களில் தூங்கினாள். மற்ற நாட்களில் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நடந்து, யாரும் பார்ப்பதற்குள் தண்ணீருக்குள் போய்விடுவாள். மல்லாந்து மிதந்தால் முதுகு என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். சில மாதங்களில் அவளால் குனிந்து செருப்பு வாரை மாட்ட முடிந்தது. அந்தச் சந்தோஷத்தில் கணவனுடைய செருப்பு வாரையும் மாட்டிவிட்டாள்.

இவ்வளவுக்கும் ஈடாகக் குளம் அவளிடம் வாங்கிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். மருந்துத் தண்ணீரில் கண் சிவந்தது.

சிவந்த கண்ணோடு அவள் நடந்து போனதைப் பார்த்தவர் நலக்குழுத் தலைவர். சும்மா ஆள் இல்லை. 'மனமும் மலர்ச்சியும்' என்ற பயிலரங்கில் மதியச் சாப்பாடு உட்பட முழுவதும் கலந்துகொண்டவர். அன்றிலிருந்து யார் முகத்தைப் பார்த்தாலும் அதைத் தாண்டி உள்ளே போய்விடுவார்.

"உக்காருங்க மேடம். கண்ணு செவந்திருக்கு."

"ஆமா சார். நீச்சல் குளத்துல தண்ணிக்கு மருந்து போடறாங்கல்ல, அது."

தலைவர் கனிவாகச் சிரித்தார். துயரப்படுகிறவர்கள் முதலில் வெளிக் காரணம் சொல்வார்கள் என்று பயிலரங்கில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். தூசி என்பார்கள், வெங்காயம் என்பார்கள். நீச்சல் குளம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. ஆகவே இது முற்றிய நிலை.

"வீட்ல சார் எப்படி?"

"நல்லா இருக்காரு."

"'நல்லா' இருக்காரு" என்றார் தலைவர், கூரையைப் பார்த்து.

அந்த வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வாழ்நாளில் அவர் அடித்தது ஹாரன் மட்டும்தான். அதையும் அடித்துவிட்டு முன்னால் போகிறவரிடம் கையெடுத்து மன்னிப்புக் கேட்பார்.

அன்று முதல் அவள் 'பரிவுடன் கூடிய கண்காணிப்பில்' வைக்கப்பட்டாள். காதுத் தண்ணீரை இறக்க, நகல் எடுக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் ஒதுங்கித் தலையைச் சாய்த்துக் குதித்தாள். 'தனிமையை நாடுகிறார். ஒற்றைக்காலில் குதிக்கிறார்' என்று பதிவாயிற்று. ஈரத் தலையோடு வந்தாள். 'தலை துவட்டவும் வீட்டில் அவகாசம் தரப்படுவதில்லை' என்று பதிவாயிற்று.

பிறகு குழு கூடியது. தகவல் பிரிவுக்காரர் திரையில் ஒரு வரைபடத்தை விழச் செய்தார்.

"எல்லா நாளும் கண்ணு செவப்பு. ஆனா மாசத்துல ஒரு நாலஞ்சு நாள் மட்டும் தெளிவா இருக்கு, பாருங்க. ஒவ்வொரு மாசமும் இப்படித்தான்."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"அந்த நாள்ல புருஷன் ஊர்ல இல்லை சார்."

அறையே மெய்சிலிர்த்தது. குழுவில் இரண்டு பெண்களும் இருந்தார்கள். அந்த நாலைந்து நாள் எது என்பது படம் திரையில் விழுந்தவுடனேயே இருவருக்கும் தெரிந்துவிட்டது. ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார். மற்றவர் பிஸ்கட்டைப் பார்த்தார். அத்தனை ஆண்கள் நடுவில் அந்த விஷயத்தைச் சொல்வதைவிட, ஒரு வேன் ஓட்டுநரை மாதாமாதம் வெளியூருக்கு அனுப்பிவைப்பது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

விஷயம் கேள்விப்பட்டுக் காசாளர் அக்கா தானாகவே உள்ளே வந்தார்.

"சார், நானும் அதே குளத்துலதான் நீந்தறேன். என் கண்ணையும் பாருங்க."

குழு எட்டிப் பார்த்தது. ரத்தமாகச் சிவந்திருந்தது.

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா மேடம்?"

"இல்ல."

"அப்போ அது வெறும் கண் சிவப்பு. நீங்க போகலாம்."

இந்த வம்பே வேண்டாம் என்று மறுநாள் அக்காவே கடைக்குக் கூட்டிப் போய் அவளுக்கு நீச்சல் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். தண்ணீர் புகாமல் இறுக்கிப் பிடிக்கும் ரகம். கண் பளிச்சென்று தெளிந்தது. ஆனால் கண்ணைச் சுற்றி, கண்ணாடி அழுத்திய இடத்தில், கருநீலமாக இரண்டு வட்டம் விழுந்தது.

அவளைக் கண்டதும் தலைவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டார்.

"ரெண்டு கண்ணுலயுமா!"

"அளவு ஒண்ணா இருக்கு சார்" என்றார் தகவல் பிரிவுக்காரர் தாழ்ந்த குரலில். "ஆத்திரத்துல அடிச்சா இப்படி விழாது. நிதானமா, திட்டம் போட்டு அடிச்சிருக்கான்."

அவள் பொறுமை இழந்து, பையிலிருந்து கண்ணாடியை எடுத்து அங்கேயே மாட்டிக் காட்டினாள். வட்டத்தின் மேல் வட்டம் கச்சிதமாகப் பொருந்தியது.

"இப்பவாவது நம்பறீங்களா சார்?"

தலைவர் குழுவின் பக்கம் திரும்பினார். "காயத்தை மறைக்க, பாவம், கண்ணாடி வரைக்கும் வாங்கியிருக்காங்க."

அவசரத் தீர்மானம் நிறைவேறியது. வரைவாளருக்கு நாள்தோறும் மன ஆலோசனை. அலுவல் நேரம் வீணாகக் கூடாது என்பதால் காலை ஆறரை முதல் ஏழரை வரை.

"சார், அந்த நேரத்துலதான் குளத்துல பொம்பளைங்களுக்கு விடறாங்க. அத விட்டா எனக்கு வேற நேரமே இல்ல. நீந்தலைன்னா முதுகு போயிடும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"நீங்க வரலைன்னா வீட்ல தடுக்கறாங்கன்னு அர்த்தம் மேடம். அப்போ போலீஸ்ல சொல்ல வேண்டியது எங்க கடமை."

அன்று வீட்டில் அவள் கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் பாதி இட்ட சட்டைப் பொத்தானோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நான் வேணா வந்து ஒரு வார்த்தை சொல்லட்டுமாம்மா?"

"நீங்க வந்தா மிரட்ட வந்தீங்கம்பாங்க."

"வராம இருந்தா?"

"குத்தவாளி, ஒளிஞ்சுக்கறான்னு சொல்வாங்க."

அவர் மீதிப் பொத்தானைப் போட்டு முடித்தார். "அப்போ நீ குளத்துக்கே போ. என்னைப் புடிச்சுட்டுப் போனா போகட்டும்" என்றார். அவளுக்கு அவர்மேல் அப்படி ஒரு பாசம் பொங்கியது. அந்த மனுஷனைக் காவல் நிலைய வாசலில் நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. மறுநாள் காலை அவள் குளத்துக்குப் போகாமல் அலுவலகத்துக்குப் போனாள்.

ஆலோசகர் அவளை ஒரு பஞ்சு மூட்டையில் உட்கார வைத்தார். உட்கார்ந்தால் முழங்கால் தாடைக்கு வரும். அறையில் மெல்லிய இசை கசிந்தது.

"கண்ணை மூடுங்க. இப்ப நீங்க ஒரு பெரிய நீல நீர்ல இருக்கீங்க. உடம்புல எடையே இல்ல. மல்லாந்து மிதக்கறீங்க. முதுகை அந்தத் தண்ணி தாங்குது…"

அவள் வாய்விட்டு அழுதுவிட்டாள். ஆலோசகர் ஓடிப்போய்த் தலைவரை அழைத்துவந்து, கண்ணாடிக் கதவு வழியாகக் காட்டினார். இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

சிகிச்சை கைமேல் பலன் தந்தது. கருவட்டம் மறைந்தது. கண் கண்ணாடி மாதிரி ஆனது. தலை காய்ந்தது. ஒற்றைக்காலில் குதிப்பதும் நின்றது. குதிக்க மட்டுமா, சில நாட்களில் நிற்கவே அவள் மேசையைப் பிடிக்க வேண்டியிருந்தது. அது குழுவின் வரம்புக்குள் வரவில்லை. குழு கண்ணைத்தான் எடுத்துக்கொண்டிருந்தது.

ஆண்டு விழாவில் அவளுக்கு 'மலர்ந்த முகம்' விருது. கோப்பையைத் தாழ்ந்த மேசையில் வைத்திருந்தார்கள். எடுக்கக் குனிந்தவள் குனிந்தபடியே நின்றுவிட்டாள். வலியில் கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

"ஆனந்தக் கண்ணீர்! போட்டோ எடுங்க" என்றார் தலைவர்.

இரண்டு பேர் நிமிர்த்தி நாற்காலியில் உட்கார வைத்து, ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்தார்கள். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"என் புருஷன் என்னை ஒரு நாளும் தொட்டு அடிச்சதில்ல. எனக்கு விருது வேண்டாம் சார். காலையில எங்கிட்ட இருந்து எடுத்துக்கிட்டீங்களே, ஒரு மணி நேரம், அதைக் கொடுங்க. அது போதும்."

நிர்வாக இயக்குநர் எழுந்தார்.

"ஒரு காலத்துல வாயே திறக்காத பெண்மணி, இன்னிக்கு மேடையில தனக்கு வேணுங்கறதைத் தைரியமா கேக்கறாங்க. நலக்குழுவுக்கு இதைவிட என்ன வெற்றி வேணும்? கேட்டதைக் கொடுக்கறேன். நாளையிலிருந்து ஆலோசனை ஒரு மணி நேரம் இல்ல, ரெண்டு மணி நேரம்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. மின்விசிறியைப் பார்த்த பெண் உறுப்பினர் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்.

விழா முடிந்ததும் வேன் வந்தது. அவளால் உட்கார முடியவில்லை. கணவர் தோளைத் தாங்க, காசாளர் அக்கா காலைத் தாங்க, அவளைக் கடைசி இருக்கையில் நீளவாக்கில் படுக்க வைத்தார்கள். கணவர் அழுதுகொண்டே வண்டியைக் கிளப்பினார், ஹாரன் அடிக்காமல்.

மாடி ஜன்னலிலிருந்து குழு முழுவதும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தது. தலைவர் பெருமூச்சு விட்டார்.

"நாம இவ்வளவு கவனிச்சும் இந்த நிலைமை. நாம மட்டும் இல்லாம போயிருந்தா இவங்க இப்ப என்ன ஆகியிருப்பாங்க?"

நீந்திக்கொண்டிருந்திருப்பாள்.