நாற்பத்தொரு வினாடி விஜயலட்சுமி

பாம்பூஃப்ளாட், அந்தமான்,
24.11.2015, செவ்வாய்.

சிரஞ்சீவி விஜயலட்சுமிக்கு உன் அப்பா பன்னீர்செல்வம் ஆசீர்வதித்து எழுதுவது.

இங்கு யாவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் 'யாவரும்' என்று எழுதும் அளவுக்கு இந்த வீட்டில் ஆட்கள் இல்லை. நானும் உன் அம்மாவும்தான். எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, இடது கண் வரிசையில் நிற்கிறது. உன் அம்மாவுக்கு முழங்கால். மற்றபடி நலம். உன் நலத்தை விசாரிக்க எனக்குத் தகுதி உண்டா என்பது தெரியாததால் அந்த வாக்கியத்தை எழுதி அடித்துவிட்டேன். அடித்தது தெரிந்தால் பொறுத்துக்கொள். இது நான்காவது பிரதி. தாளும் தீர்ந்துவிட்டது.

ஆறு வருடம் கழித்து இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். 2009 ஜூன் மாதம் ஹாடோ ஜெட்டியில் சொன்னதை நான் மறக்கவில்லை. செயலகத்தில் கிடைத்த நிரந்தர வேலையை விட்டுவிட்டு, டிவியில் வானிலை சொல்லப் போகிறேன் என்று சென்னைக் கப்பலுக்குப் பெட்டியோடு நின்றாய். "பவுடர் பூசிக்கிட்டு நிக்கிறது ஒரு வேலையா? இந்தக் கப்பல்ல ஏறினா திரும்ப இந்த ஜெட்டியில இறங்காதே" என்று கத்தினேன். என் அறுபத்தாறு வயதில் நான் உரக்கப் பேசியது அது ஒன்றுதான். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால்கூடப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி அவரைத்தான் குரல் கொடுக்கச் சொல்வேன். வழியனுப்ப வந்த கூட்டமே திரும்பிப் பார்த்தது. நீ ஏறினாய், பிறகு இறங்கவே இல்லை. சொன்ன சொல் தட்டாத பிள்ளை என்று உன்னைப் பற்றி நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெருமை இப்படி வந்து விடியும் என்று நினைக்கவில்லை.

சொன்னதைத் திரும்பப் பெற வேண்டும் என்று அடுத்த வாரமே தோன்றியது. ஆனால் நான் துறைமுக அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் கோப்பு பார்த்தவன். கோப்பைப் படிக்காமல் குறிப்பு எழுதக் கூடாது என்று எனக்குக் கீழே இருந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன். உன் வேலையை ஒரு நாளும் பார்க்காமல் ஒரு குறிப்பு எழுதியாயிற்று. அதை ரத்து செய்யவாவது ஒரு முறை முழுதாகப் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தேன். உன் சேனல் இங்கே கேபிளில் வருவதில்லை. நேரில் போய்க் கேட்டேன். "உங்க ஒருத்தருக்காகவா அங்கிள்?" என்றார்கள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

செப்டம்பர் கடைசியில் உன் தம்பி நந்தகுமார், அவன் வேலை பார்க்கும் கப்பல் சிங்கப்பூர் போனபோது வாங்கியதாக ஒரு கேம் பெட்டியை ஆள் மூலம் அனுப்பினான். விளையாடுவதற்கு மட்டும் இல்லையாம். டிவியோடு இணைத்தால் நெட் வழியாக அக்கா சேனலை லைவாகவே பார்க்கலாம், ஏழரைச் செய்தி முடியும்போது அக்கா வருவாள் என்று பதினோரு படிகளாக எழுதி ஒரு தாள் வைத்திருந்தான். அனுப்பிய கையோடு பிரேசில் பக்கம் போய்விட்டான், போன் கிடைக்காது. முதல் படி, 'பெட்டியை டிவிக்குப் பக்கத்தில் வைக்கவும்.' நாங்கள் அங்கேயே நின்றுவிட்டோம்.

உன் அம்மாவின் சட்டம் உனக்குத் தெரியும். சுனாமித் தண்ணீர் நின்ற கோடு கூடத்துச் சுவரில் இன்னும் இருக்கிறது; வெள்ளையடிக்கும் ஒவ்வொரு தடவையும் அவளே பென்சிலால் திரும்ப வரைந்துவிடுகிறாள். பிளக் உள்ள எதுவும் அந்தக் கோட்டுக்கு ஒரு முழம் மேலேதான் இருக்க வேண்டும். சட்னி அரைக்க முக்காலியில் ஏறி நிற்கிறாள். டிவி கூரைத் தகரத்துக்கு இரண்டு சாண் கீழே. பெட்டியை அதற்கு மேலே வைக்க இடம் இல்லை, கீழே வைக்கச் சட்டம் இல்லை. "அந்தக் கோட்டுக்கு மேல தண்ணி வராதுன்னு யாரு எழுதிக் குடுத்தா?" என்று கேட்டேன். "அந்தக் கோடு வரைக்கும் வராதுன்னு அன்னைக்கு உங்களுக்கு யாரு எழுதிக் குடுத்தா?" என்றாள். எதிர்ச் சுவரில் பலகை அடித்து வைத்தேன். டிவிக்கு வயர் எட்டவில்லை. ஃபெர்ரி ஏறி, சாத்தாமில் இறங்கி, ஆட்டோ பிடித்து ஜங்லிகாட்டில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் முத்துவீரனிடம் போய் ஐந்து மீட்டர் வயர் கேட்டேன்.

"அரே அங்கிள், அஞ்சு மீட்டர் எதுக்கு? டிவி பக்கத்துல வச்சிடுங்க, ஒரு மீட்டர் பஸ், போதும்!" என்றார். நான் சட்டத்தை விளக்கினேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "எங்க வீட்டுல ஃப்ரிட்ஜே கட்டில் மேலதான் இருக்கு அங்கிள்" என்று உள்ளே போய் வயரை எடுத்து வந்தார்.

மூன்றாம் படியில் பெட்டி என் பிறந்த வருடத்தைக் கேட்டது. எண்ணை அடிக்க வழியில்லை. 2015இல் தொடங்கி, ஒரு அழுத்தலுக்கு ஒரு வருடமாகப் பின்னால் போக வேண்டும். போய்க்கொண்டிருந்தேன். 2009 வந்ததும் கட்டைவிரல் நின்றுவிட்டது. பிறகு விரல் தவறி வேறு பொத்தானில் பட்டு, எனக்கு ஆறு வயது என்று பெட்டி எழுதிக்கொண்டது. பெரியவர் யாரையாவது அழைத்து வந்து அனுமதி பெறும்படி ஆங்கிலத்தில் வந்தது. உன் அம்மாவைக் கூப்பிட்டேன். "பாத்துட்டுப் போகட்டும், பாவம்" என்று அனுமதி கொடுத்தாள். அது போதவில்லை, அவளுடைய மின்னஞ்சல் முகவரி வேண்டுமாம். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். இந்தத் தடவை 2009 வரும்போது கண்ணை மூடிக்கொண்டேன். அடுத்தாற்போல் 2004 வேறு இருந்ததால் மூடியது மூடியபடியே அழுத்திக்கொண்டு போனேன். திறந்து பார்த்தால் 1938. நான் பிறப்பதற்குப் பதினோரு வருடம் முந்திப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். அடுத்து என் பெயரைக் கேட்டது. எழுதினேன். அந்தப் பெயரை வேறொருவர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார் என்றது. இருக்கலாம் என்று விட்டுக்கொடுத்தேன். அதுவே ஒரு பெயர் வைத்துவிட்டது. பெட்டிக்குள் நான் இப்போது கோபக்காரக் கழுகு 307.

ஏழாம் படி, 'அப்டேட் கேட்கும், அரை மணி நேரம் ஆகும்.' நந்து சிங்கப்பூரை நினைத்து எழுதியிருக்கிறான். இங்கே இணையம் சாட்டிலைட் வழியாக வானத்திலிருந்து இறங்கி வர வேண்டும்; மழை நாளில் மழை மட்டும்தான் இறங்கும். முதல் நாள் இரண்டு சதவீதம். மூன்றாம் நாள் ஐந்து. தகரச் சூட்டில் பெட்டி தானாக அணைந்தது. உன் அம்மா முழங்காலோடு முக்காலியில் ஏறி அதற்கு விசிறினாள். ஒன்பதாம் நாள் முப்பத்தெட்டில் இருக்கும்போது கரண்ட் போயிற்று. வந்தபோது மறுபடி பூஜ்யம். பக்கத்து வீட்டுச் சொர்ணம்மா தினமும் வேலியோரம் நின்று, ஜுரம் விசாரிப்பது போல, "அண்ணே, இன்னைக்கு எத்தனை?" என்பாள். "நாப்பத்தொண்ணு." "அப்ப தேவலை" என்று போவாள்.

இருபத்திரண்டாம் நாள் எல்லாப் படியும் முடிந்து, ஏழு ஐம்பத்திரண்டுக்கு நீ வந்தாய். வந்த மூன்றாவது வினாடியில் நின்றுவிட்டாய். கை வங்கக் கடல் மேல், வாய் பாதி திறந்து, நடுவில் ஒரு வளையம் சுற்றிக்கொண்டே இருந்தது. கீழே பெயர் போடும் இடம் முழுக்கக் கட்டம் கட்டமாக இருந்தது; முகமும் ஏறக்குறைய அப்படித்தான். நீலப் புடவை. மெலிந்திருந்தாய். நான் எழுந்து கிட்டே போய்விட்டேன். உன் அம்மா, "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு" என்றதோடு சரி. ஒன்பது நிமிடம் நீ அப்படியே இருந்தாய். அவசரமில்லாமல் பார்க்க முடிந்தது எனக்கு, உண்மையைச் சொன்னால், வசதியாகவே இருந்தது. கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் பெட்டி திரையை மங்கவைத்துவிடும் என்பதால் கையில் உள்ள கருவியை அமுக்கிக்கொண்டே நின்றேன். வளையம் நின்றபோது நீ போய்விட்டாய். குளியலறை டைல்ஸ் விளம்பரம் வந்தது. அது ஒரு தடங்கலும் இல்லாமல் முழுதாக ஓடியது.

பிறகு ஒரு நாள் நாலு வினாடி, ஒரு நாள் ஏழு, பல நாள் வளையம் மட்டும். முழுதாகக் காதில் விழுந்த ஒரே வாக்கியம், 'அந்தமான் அருகே புதிய காற்றழுத்தத் தாழ்வு நிலை உருவாகியுள்ளது.' அத்தோடு அந்தத் தாழ்வு நிலை இங்கே வந்து சேர்ந்து நெட், கரண்ட் இரண்டையும் கொண்டுபோய்விட்டது. நாங்கள் ஒரு இடத்தில் இருக்கிறோம் என்பது மெயின்லேண்டுக்கு ஞாபகம் வருவது அந்த ஒரு சமயம்தான். அந்தச் சமயம் பார்த்து எங்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஆனாலும் 'அந்தமான்' என்றபோது உன் குரல் சற்று இறங்கியதாக எனக்குப் பட்டது. உன் அம்மாவைக் கேட்டேன். "மழைச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கலைங்க" என்றாள்.

நேற்றுவரை மொத்தம் நாற்பத்தொரு வினாடி பார்த்திருக்கிறேன். கோப்பு முழுமையாக என் பார்வைக்கு வரவில்லை, இந்தப் பெட்டியை நம்பினால் வரப்போவதும் இல்லை. கிடைத்ததை வைத்து முடிவு செய்கிறேன். நீ நிற்பதில் நிதானம் இருக்கிறது. கடல் எங்கே இருக்கிறதோ அங்கே உன் கை இருக்கிறது. அது வேலைதான் அம்மா. நான் அன்று சொன்னது தவறு. அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ஏசி அறையில் நிற்பதால் தலையில் ஈரத்தோடு போகாதே. சகல சௌக்கியமும் உண்டாக உன் அம்மாவும் ஆசி கூறுகிறாள் என்று எழுதுகிறேன். அவளைக் கேட்கவில்லை, மறுக்க மாட்டாள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
பன்னீர்செல்வம்.

பின்குறிப்பு (26.11.2015): உறையில் போடுமுன், பிழை இருக்கிறதா என்று உன் அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டாள். பிறகு, "ஏங்க, அது விஜி இல்லைங்க" என்றாள்.

"எது?"

"டிவியில நீங்க பாத்தது. அது வேற பொண்ணு. விஜியைக் காலையில ஆறு மணிச் செய்திக்கு மாத்தி எட்டு மாசமாச்சு, நந்துவுக்குத் தெரியாது."

"உனக்கு யாரு சொன்னா?"

"அவதான். ஞாயித்துக்கிழமை பேசுறப்ப."

"எந்த ஞாயித்துக்கிழமை?"

"எல்லா ஞாயித்துக்கிழமையுந்தான். நீங்க மீன் வாங்கப் போவீங்கல்ல, அப்ப."

முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "கண்ணைத் துடைச்சுக்கிட்டு நின்னீங்க. அந்நேரம் போயி எப்படிச் சொல்றது? யாரு பெத்த பொண்ணோ, பாக்க நல்லாத்தானே இருந்துச்சு" என்றாள்.

ஆகவே மேற்படி நாற்பத்தொரு வினாடியும் உன்னுடையது அல்ல. நிதானம், கை, குரல் இறங்கியது எல்லாம் அந்தப் பெண்ணுக்குச் சேர வேண்டியவை, பார்த்தால் சொல்லிவிடு. உன்னை நான் இன்னும் பார்க்கவே இல்லை. கடிதத்தைக் கிழிக்கப் போனேன். "கடைசியில தப்புன்னு எழுதியிருக்கீங்களே, அது யாருக்கு எழுதினது? அந்தப் பொண்ணுக்கா?" என்று உன் அம்மா பிடுங்கி வைத்துக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து இன்று அவளிடமிருந்து வாங்கி, அப்படியே அனுப்புகிறேன்.

ஆறு மணிக்குப் பெட்டியைப் போட்டுப் பார்க்கப் போவதில்லை. நீ எந்தக் கப்பலில், எந்தத் தேதி வருகிறாய் என்று எழுது. எனக்கு எழுது, உன் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடாதே. நான் கத்தியதை அன்றைக்கு ஜெட்டியில் அத்தனை பேர் கேட்டார்கள். அதைத் தாளில் திரும்பப் பெற்றால் போதாது, அங்கேயே, அதே சத்தத்தில் சொன்னால்தான் சரி. ஆள் வராத நேரமாகப் பார்த்துக் காலையில் கடலோரம் போய்ச் சொல்லிப் பழகுகிறேன். நேற்று யாருக்கும் கேட்கவில்லை. இன்று ஒரு நாய் திரும்பிப் பார்த்தது.