பேய்க்குச் சட்டம் பேசுகிறவர்

பக்கத்து வீட்டு ஷீலா என்னோடு பேசி ஆறு வருடமாகிறது. குற்றம் அவருடையதல்ல. எதற்கெடுத்தாலும் "அதுக்குச் சட்டம் இருக்கு" என்கிற ஓர் இனம் லண்டனில் தெருவுக்கு ஒன்றாக உலாவுகிறது. எங்கள் கோலியர்ஸ் வுட் தெருவுக்கு வாய்த்தவர் புவனேந்திரன்.

உங்களுக்கும் இப்படி ஒருவரைத் தெரிந்திருக்கும். சட்டப் புத்தகத்தைக் கையால் தொட்டிருக்கமாட்டார். ஆனால் கோயிலில் அன்னதான வரிசையில் நின்றாலும், செத்த வீட்டில் நின்றாலும், போனை விரலால் தள்ளித் தள்ளி, எந்த நாட்டிலோ எந்தக் காலத்திலோ எவனோ போட்ட வழக்கை இழுத்து வந்து உங்கள் தலையில் கட்டிவிட்டு, வடையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். வழக்கு யாருக்கு? உங்களுக்கு.

ஆறு வருடத்துக்கு முந்திய ஹலோவீன் பேய்த் திருநாளுக்கு ஷீலா ஒரு பூசணிக்காயில் கண்ணும் வாயும் வெட்டி, உள்ளே சிவப்புச் சாயம் பூசி, என் மகளுக்கென்று எங்கள் வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார். வெட்டிச் சிவப்புப் பூசிய பூசணிக்காய் வாசலில் கிடந்தால் நம்மவருக்கு அது என்ன? கழிப்பு. தன்னைப் பிடித்த பீடையை அடுத்தவன் வாசலில் இறக்கிவிடுகிற வேலை. புவனேந்திரன் குனிந்து பார்த்தார்.

"அண்ணை, தொடாதேங்கோ. இந்த நாட்டில சூனியத்துக்குச் சட்டம் இருக்கு. நாப்பத்திநாலாம் ஆண்டு, இதே லண்டனில, ஆவியோட கதைக்கிறனெண்ட ஒரு மனிசியை உள்ளுக்குப் போட்டவங்கள்."

ஷீலாவுக்கு ஒரு மிரட்டல் கடிதத்தை அவரே எழுதினார். வாசிக்காமல் கையெழுத்துப் போட்டவன் நான். அவசரத்துக்கென்று ஷீலாவிடம் கொடுத்திருந்த எங்கள் வீட்டுச் சாவி அடுத்த நாளே கதவுத் துவாரத்தால் உள்ளே விழுந்தது. அந்தச் சட்டத்தை ஐம்பத்தோராம் ஆண்டிலேயே தூக்கிவிட்டார்கள் என்று பிறகு மகள்தான் சொன்னாள். புவனேந்திரனிடம் கேட்டேன்.

"தூக்கினால் என்ன அண்ணை, பயம் இருக்குமெல்லோ?"

இப்போது ஷீலாவுக்கு நடக்க ஏலாது. வீட்டை விற்றால்தான் தன் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் போய் இருக்கலாம். போன கிழமை புவனேந்திரன் டைப் அடித்த தாளோடு வந்து நின்றார்.

"அண்ணை, ஷீலா வீட்டில பேய் இருக்கெண்டு நீங்கள் சாட்சிக் கையெழுத்து வைக்கவேணும். நியூயோர்க்கில ஒரு வீட்டில பேய் இருக்கெண்டு கோர்ட்டே சொன்னது. இஞ்சையும் விலை விழும். என்ர மச்சான் மலிவா எடுப்பான்."

"நீர் பேயைக் கண்டனீரோ?"

"நான் ஏன் காணவேணும்? பக்கத்து வீட்டுக்காரர் நீங்கள்தானே."

தாளை வாங்கினேன். இந்த முறை கடைசி வரி மட்டும் வாசித்தேன்: பொய்யென்றால் பொறுப்பு கையெழுத்து வைத்தவருக்கே.

இடையில் உங்களிடம் ஒரு கேள்வி. குடும்பக் குழுவில் "இதற்குச் சட்டம் இருக்கிறது, எல்லோருக்கும் பகிரவும்" என்று ஒன்று அனுப்பினீர்களே, அதை முழுக்க வாசித்தீர்களா? கோபிக்க வேண்டாம். சும்மா கேட்டேன். புவனேந்திரனும் ஒரு நாளில் புவனேந்திரன் ஆகிவிடவில்லை.

கையெழுத்து வைக்காமல் தாளை மடித்துக்கொண்டு போய் ஷீலாவின் மணியை அழுத்தினேன். உள்ளே கைத்தடிச் சத்தம் மெல்லக் கதவை நோக்கி வந்தது. புவனேந்திரன் என் வீட்டு மதிலுக்குப் பின்னால் குனிந்துகொண்டு கடைசியாக ஒன்று கேட்டார்.

"அண்ணை, நான் எழுதினதெண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."