உன் அத்தானும் தெரு அதிரும் சைலன்சரும்

அன்புள்ள தம்பி ஜோயலுக்கு,

ராஜபாளையத்திலிருந்து அக்கா தங்கபாய் எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் நான் சுகம். அந்தக் குளிரில் நீயும் உன்னோடு காவல் நிற்கும் பிள்ளைகளும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறேன். உன் அத்தானும் சுகமாகத்தான் இருக்கிறார். அவர் சுகமாக இருப்பதால் எங்கள் தெருவில் வேறு யாரும் சுகமாக இல்லை. உன் முகாமில் போன் சிக்னல் கிடைப்பதில்லை என்பதால் எழுத உட்கார்ந்தேன். விஷயம் இதுதான்: நீ இங்கே விட்டுப்போன பழைய புல்லட்டை அடுத்த லீவில் வந்து எடுத்துக்கொண்டு போய்விடு. எல்லைக்கே கொண்டு போ. அந்தச் சத்தத்துக்கு அங்கேதான் ஏதாவது உபயோகம் இருக்கும்.

மற்றவர்கள் ரிட்டயர் ஆனால் வாக்கிங் போவார்கள், டீக்கடையில் உட்கார்ந்து அரசாங்கத்தை நடத்துவார்கள். உன் அத்தான் ஸ்பின்னிங் மில்லில் இருந்து ரிட்டயர் ஆன கையோடு, "வண்டியக் கஸ்டம் பண்ணப் போறேன்" என்றார். என் காதில் "கஷ்டம்" என்று விழுந்தது. அதுதான் சரி என்று பிறகு தெரிந்தது. மட்கார்டை வெட்டினார்கள். டேங்க்கை மாற்றினார்கள். ஹாண்டில்பாரை அவ்வளவு உயரத்தில் வைத்தார்கள், அதைப் பிடித்துக்கொண்டு போனால் போலீசில் சரணடையப் போகிறவர் மாதிரி இருக்கிறது. பின் சீட்டைக் காணவில்லை. "நான் எங்கன உக்கார?" என்று கத்திக் கேட்டேன். "ஏட்டி, இது ஒத்த சீட்டு மாடலு. அதான் ஸ்டைலு" என்றார். கல்யாணமான நாள் முதல் என்னை இவ்வளவு நாகரிகமாக யாரும் இறக்கிவிட்டதில்லை.

அதோடு விட்டாரா? சைலன்சர் தேர்வு ஆரம்பமானது. நம் அம்மா எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இத்தனை பேரைத் தள்ளவில்லை. அப்படித் தள்ளியிருந்தால் எனக்கு இந்தக் கடிதம் மிச்சம். ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில் சிவபாண்டி என்று ஒருவன் கடை வைத்திருக்கிறான். சைலன்சர்களை வாழைத்தார் மாதிரித் தொங்கவிட்டிருக்கிறான். பால்கோவா வாங்கித் தருகிறேன் என்று என்னையும் வரச் சொல்லியிருந்தார். அவர் வண்டியில் போக, நான் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். ஒவ்வொன்றாக மாட்டி முறுக்குகிறார்கள். சுற்றி நின்ற ஆம்பிளைகள் எல்லாம் கச்சேரி கேட்கிற மாதிரி கண்ணை மூடித் தலையாட்டுகிறார்கள். "பேஸு நல்லாருக்கு, ஆனா கடைசியில ஒரு கரகரப்பு" என்று ஒருவர் சொல்கிறார். வீட்டில் குழந்தை அழுதால் எந்தப் பிள்ளை என்று கண்டுபிடிக்கத் தெரியாத ஜென்மங்கள்.

எல்லாரும் ஆகா என்ற சைலன்சரைக் கேட்டுவிட்டு, உன் அத்தான் மட்டும் உதட்டைப் பிதுக்கினார். "ஒண்ணுமே கேக்கலயேப்பா." சிவபாண்டி மெய்சிலிர்த்துப் போனான். "அண்ணாச்சிக்குத் தனிக் காதுய்யா! லேசுல ஏமாத்த முடியாது" என்று சொல்லி, உள்ளே போய் இன்னும் பெரிதாக ஒன்றை எடுத்து வந்தான். அதற்கும் இவர், "கேக்கலயே." கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். கடைசியில் மெகாபோன் என்று ஒன்றை மாட்டினான். பெயரே அதுதான். அதற்குத்தான் இவர் சிரித்தார். பால்கோவா கடை அதற்குள் சாத்தியாகிவிட்டது.

மறுநாள் காலை தெருவில் வண்டியைக் கிளப்பினார். எதிர்வீட்டு பிச்சையம்மாளக்கா ஒரு நாய் வளர்க்கிறாள். வெள்ளை வேட்டை நாய். காட்டுப் பன்றியையே மறித்த பரம்பரை என்று நாளும் பெருமை பேசுவாள். அந்தப் பரம்பரை மாடிக்கு ஓடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. சோறு வைத்துக் கெஞ்சியும் இறங்கவில்லை. அக்கா தெருவுக்கு வந்து, "இந்த வண்டி நாசமாப் போவ!" என்று கையை நெரித்தாள். உன் அத்தான் முகம் மலர்ந்து, "ஆமாக்கா, நைசாப் போவுது" என்றார். அவள் இன்றுவரை என்னோடு பேசவில்லை. நானும் அவர் வேண்டுமென்றே கிண்டல் பண்ணினார் என்றுதான் நினைத்தேன்.

இது போதாதென்று, சத்தத்தை அடக்க உள்ளே இருந்த குழாயையும் சிவபாண்டியிடம் சொல்லிக் கழற்றிவிட்டார். கழற்றிய அன்றே ஸ்ரீவில்லிபுத்தூரில் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் மறித்திருக்கிறார்.

"என்னய்யா சத்தம் இது?"

"சொத்தா? சோழபுரத்துல கொஞ்சம் நெலம் கெடக்கு சார்."

"நக்கலா? எங்கய்யா வாங்குனீரு இத?"

"வாங்கல சார், எங்கப்பா வழியில வந்தது."

வண்டி ஸ்டேஷனுக்குப் போனது. பின்னாலேயே அத்தானும் போனார். ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்கள். நான் பஸ் ஏறிப் போய் நிற்கிறேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரை வாயில் வந்தபடி திட்டினேன். அங்கே யுவராணி என்று ஒரு போலீஸ் பெண். என்னைக் கையமர்த்திவிட்டு, அவருக்குப் பின்னால் போய் நின்று, "ஐயா, வண்டிய எடுத்துட்டுப் போங்க" என்றாள். அவர் அசையவில்லை. மறுபடியும் சொன்னாள். சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

"அம்மா," என்று என்னிடம் திரும்பினாள். "சாருக்குக் காது கேக்காதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

ஜோயல், கூப்பிட்டால் திரும்பாததை, கேட்டால் பதில் சொல்லாததை, எல்லாவற்றையும் திமிர் என்று நினைத்து எத்தனை வருஷம் சண்டை போட்டிருக்கிறேன்! பக்கத்தில் உட்கார்ந்து அவர் முகத்தை என் பக்கம் திருப்பி, "கேக்கலயா ஒங்களுக்கு?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டார்.

"மில்லு மிசினுக்க நடுவுலயே நின்னது. வெளிய சொன்னா வேலைக்கு ஆகாதுன்னு அனுப்பிருவான்னு சொல்லல. பொறவு ஒங்கிட்டச் சொல்லவும் வெக்கமாப் போச்சு." பிறகு வெளியே நின்ற வண்டியைப் பார்த்து, "இந்த வண்டிச் சத்தம் ஒண்ணுதான், தங்கம், உள்ள வரைக்கும் வருது" என்றார்.

 சப்-இன்ஸ்பெக்டர் அபராதத்தை மட்டும் எழுதிக்கொண்டு, அந்தச் சைலன்சரைக் கழற்றிவிட வேண்டும் என்று உன் அத்தான் காதருகே குனிந்து சொல்லி விட்டுவிட்டார்.

மதுரைக்குக் கூட்டிப்போய்க் காதுக்கு மிஷின் வைத்தாயிற்று. வந்ததும் முதல் வேலையாக வண்டியைக் கிளப்பினார். அடுத்த நொடி வண்டியை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடிவந்தார். "ஏட்டி! இம்புட்டுச் சத்தமாவா இருந்துச்சு? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" நான் சொன்னது, தெரு சொன்னது, நாய் சொன்னது எல்லாம் எங்கே போயிற்றோ! அன்றே சிவபாண்டியிடம் போய், வண்டியோடு வந்த பழைய சைலன்சரையே மாட்டச் சொன்னார். அவன் துக்கம் விசாரிப்பதுபோல, "அண்ணாச்சி, ஒங்க காதுக்கு என்னாச்சு?" என்று கேட்டானாம்.

இப்போது தெரு அமைதி. ஆனாலும் இந்த ஆசை எந்த நேரம் திரும்புமோ தெரியாது. எனவே மறக்காமல் வந்து வண்டியை எடுத்துப் போ. ஊரில் பொன்மணியும் பிள்ளைகளும் சுகம். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அன்பு அக்கா,
தங்கபாய்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. அந்த மிஷின் பொல்லாத மிஷின். அடுப்படியில் நான் எனக்குள் முணுமுணுப்பதற்கு வாசலில் இருந்து பதில் வருகிறது. நேற்று உன் பெண்டாட்டி பொன்மணியிடம் போனில் இவருடைய அக்காவைப் பற்றி நாலு வார்த்தை மெதுவாகத்தான் பேசினேன். ராத்திரிச் சாப்பாடு வேண்டாமென்று படுத்துவிட்டார். இந்த வயதில் நான் வாயை மூடப் பழக முடியுமா? வண்டியைக் கிளப்பும்போது மட்டும், பழைய சைலன்சர் சத்தம்கூடத் தாங்காமல் மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார் என்று தெரிந்துகொண்டேன். இன்று காலை நானே பஸ் ஏறிப்போய் சிவபாண்டியைப் பார்த்து, அந்த மெகாபோனை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே என்று சொல்லி வந்திருக்கிறேன். அதை மாட்டிவிட்டால் மிஷின் சட்டைப் பையை விட்டு வெளியே வராது. நீ வண்டியைத் தொடவேண்டாம்.