மாமனார் லாரியை மீட்கப் போனவர்

“அபராதம் கட்டியாச்சு, சரி. ஆனா லாரி உங்க பேர்ல இல்லையே?” என்றார் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர்.

எதிரே நின்ற மாப்பிள்ளை அபராத ரசீதை இன்னொரு தடவை நீட்டினார். அவர் வீட்டோடு மாப்பிள்ளை, லாரி மாமனாருடையது. முந்தாநாள் பெரிய மகள் வீட்டுக்கு பஸ் ஏறிய மாமனார் இன்று சாயங்காலம் திரும்பிவிடுவார். அதற்குள் லாரி ஷெட்டில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் மாப்பிள்ளை பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

மாமனார் லேசுப்பட்ட ஆளில்லை. சிக்னலில் சிவப்பு விழுந்தால், நடந்துபோகும்போதுகூட நின்றுவிடுகிறவர். ஆற்று மணலைத் திருடுகிறவர்களைத் திட்ட ஆரம்பித்தாரானால் தட்டில் சோறு ஆறிப்போகும். அப்பேர்ப்பட்டவர் ஊரில் இல்லாத சமயம் பார்த்து, கைச்செலவுக்கு ஆகட்டுமே என்று ஒரே ஒரு லோடு மணல் அடித்தார் மாப்பிள்ளை. முதல் திருப்பத்திலேயே லாரியைப் பிடித்துவிட்டார்கள். பெண்டாட்டி வளையலை அடகு வைத்து அபராதத்தைக் கட்டிவிட்டு, வண்டியை எடுக்க வந்து நின்றார்.

“எங்க மாமனார் வண்டிங்க சார்.”

“அப்ப அவரை வரச் சொல்லுங்க. ஒரே ஒரு கையெழுத்து.”

அங்கேதான் மாப்பிள்ளையின் மூளை வேலை செய்தது. செய்யாமல் இருந்திருந்தால் தேவலை. மாமாவுக்குக் கால் விழுந்துவிட்டது, படுத்த படுக்கை என்று எடுத்துவிட்டார்.

ரைட்டர் நல்ல மனுஷர். அதுதான் வினையாகப் போயிற்று. பெரியவரை எதற்கு அலைக்கழிக்க வேண்டும், நானே ஜீப்பில் வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன் என்று தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். வீட்டில் மாமியார் இருக்கிறாரே! மாப்பிள்ளை பதறிப்போய், மாமா வீட்டில் இல்லை, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றார். பெரிய ஆஸ்பத்திரியா என்று கேட்டார் ரைட்டர். ஆமாம் என்று சொல்லித் தொலைத்தார். ரைட்டரின் மனைவி அங்கேதான் நர்ஸ். எந்த வார்டு என்று கேட்டுக்கொண்டே அவர் போனைக் கையில் எடுத்தார்.

எந்தப் பக்கமும் போக வழியில்லாத மாப்பிள்ளை என்ன செய்வார்? மாமனாரைக் கொன்றுவிட்டார்.

“போன் வேண்டாம் சார். காலையிலதான்... போயிட்டார்.”

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. ரைட்டர் தொப்பியைக் கழற்றினார். ஏதோ புகார் கொடுக்க வந்திருந்த அம்மாள் உச்சுக்கொட்டினாள். யாரோ நாற்காலியை நகர்த்திப் போட்டார்கள். தான் செய்த காரியத்தை நினைத்து மாப்பிள்ளைக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. அதுவேறு பொருத்தமாக அமைந்துபோனது.

இனிமேல் லாரி வாரிசுகளுக்குத்தான் என்று தணிந்த குரலில் விளக்கினார் ரைட்டர். மாமியார், பெண்கள் எல்லோரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். இறப்புச் சான்றிதழ் வேண்டும். எல்லாம் முடிய மாசக்கணக்காகும். சொல்லும்போதே அவருக்கு மனசு கேட்கவில்லை.

“துக்க வீட்டை விட்டுட்டு இங்க நிக்கறீங்க. அம்மாகிட்ட நான் ஒரு வார்த்தை பேசிடறேன்.”

எண் தெரியாதே, எப்படிப் பேசுவார் என்று மாப்பிள்ளை ஆறுதலடைவதற்குள், ரைட்டர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். வெளியே நின்ற லாரியின் கதவில், வாடகைக்கு அணுகவும் என்ற வரிக்குக் கீழே, வீட்டு போன் எண் கொட்டை எழுத்தில் இருந்தது.

“அம்மா, போலீஸ் ஸ்டேஷன்லேருந்து பேசறேன். ஐயா காலமானது இப்பதான் தெரிஞ்சுது. மனசைத் தேத்திக்குங்க.”

போனிலிருந்து கிளம்பிய அலறல் வாசல்வரை கேட்டது. கேட்டுக்கொண்டிருந்த ரைட்டரின் முகம் மெல்ல மாறியது. போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார்.

“முந்தாநாள் நல்லாத்தானே பஸ் ஏறினார்னு அழறாங்க. நீங்க படுத்த படுக்கைன்னீங்க?”

லாரி போனது போகட்டும், மாமியார் முகத்தில் இனி எப்படி விழிப்பது என்று யோசித்தபடி மாப்பிள்ளை வாசலைப் பார்த்தார்.

அப்போது உள்ளே லாக்கப் பக்கத்திலிருந்து ஒரு காவலர் ஓடி வந்தார். அவர் முகமும் பேயறைந்த மாதிரிதான் இருந்தது.

“சார், முந்தாநாள் இன்னொரு மணல் லாரியில ஒரு பெரியவரைப் பிடிச்சோமே, பேரே சொல்ல மாட்டேன்னு அடம் பிடிச்சவர், அவர் இப்ப பேரைச் சொல்லிட்டார், தான் இன்னும் சாகலையாம், மாப்பிள்ளையைக் கொஞ்சம் உள்ள அனுப்பச் சொல்றார்.”